பாத்திரமா, ஏனமா, சாமானா? பரணிலிருந்து இறங்கிய 74 கொள்கலன்கள்

#1 குடமுருட்டி

அம்மாவைச் சென்னைக்கே அழைத்து வந்தாயிற்று. பாபநாசம் பக்கத்தில் இருக்கிற வீட்டை அடுத்த மாதம் ஒப்படைக்க வேண்டும். போன வாரம் நானும் தங்கையும் போய்ப் பரணைக் காலி செய்தோம். கரண்டி, டம்ளர், தட்டு எல்லாம் போக 74 உருப்படி. கூடத்தில் பரப்பினால் கால் வைக்க இடமில்லை. என் ஃபிளாட்டில் சமையல் மேடையே எட்டு அடிதான்.

இடம் மட்டும் சிக்கல் இல்லை. நான் எல்லாவற்றையும் 'பாத்திரம்' என்கிறேன், அம்மா வீடியோ காலில் பார்த்துத் திருத்திக்கொண்டே இருந்தார். "அது பாத்திரம் இல்லடா, அடுக்கு." "சொம்பு இல்ல, கூஜா. மூடி இருக்கு பாரு." "கங்காளத்தைப் போய் அண்டாங்கிறியே." தவலை, ஜோடுதவலை, வெண்கலப்பானை, சிப்பல், சம்படம், குண்டான் என்று பாதிப் பெயர் எனக்குப் புதுசு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறார், அதை மாற்றினால் கோபம் வருகிறது. சம்படத்தில் திருப்புளியும் ஆணியும் போட்டு வைத்ததற்கு அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கேட்க வந்தது மூன்று. உங்கள் ஊரில் இவற்றுக்கு என்ன பெயர்? எதை வைத்துக்கொள்ளலாம், எதைப் போடலாம்? மூன்றாவது, ஒரு எவர்சில்வர் தூக்கின் கழுத்தில் 'ரா. கா. 6-6-68' என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கிறது. எங்கள் குடும்பத்தில் அந்த இனிஷியலில் யாரும் கிடையாது. அம்மாவைக் கேட்டால், "யார் வீட்டுதோ. திருப்பிக் கொடுக்கணும்னு எடுத்து வெச்சேன்" என்கிறார். இத்தனை வருஷமாகவா?

#2 பைத்தான்பாண்டி

கொள்கலன் என்று பார்த்ததும், மென்பொருளைக் 'கன்டெய்னர்' கன்டெய்னராகப் பிரித்து ஓட்டுகிற டாக்கர் பற்றி இருக்கும் என்று ஓடி வந்தேன். பரவாயில்லை, உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஆபீஸிலும் இதே கதைதான் அண்ணே. எது எதற்காக ஓடுகிறது என்று தெரியாததால் ஒன்றையும் நிறுத்த யாருக்கும் தைரியமில்லை.

#3 ஏனக்காரி

எங்கள் சிவகங்கைப் பக்கம் 'ஏனம்'. ஏனம் விளக்குவது, ஏனம் கவிழ்ப்பது, ஏனம் அடுக்குவது. கல்யாணமாகிச் சென்னை வந்த புதிதில், வேலைக்கு வருகிற அக்கா "சாமான் எடுத்துப் போடும்மா" என்றார். நான் மளிகைப் பையை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். பருப்பையா கழுவச் சொல்கிறாய் என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தார், இன்னும் மறக்கவில்லை.

இன்னொன்று மங்கு. எனாமல் பூசின தட்டு, கிண்ணம், அடுக்கு எல்லாம் மங்குச் சாமான். செட்டிநாட்டு வீடுகளில் அறை நிறைய இருந்தது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய் வந்தவர்கள் கொண்டுவந்தது. காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் இப்போது பழம்பொருள் விலை சொல்கிறார்கள். ஓரத்தில் எனாமல் பெயர்ந்து கறுப்புப் பொட்டு விழுந்திருந்தால் நல்ல பழசு என்று அர்த்தமாம். எங்கள் வீட்டில் பொட்டு விழுந்ததையெல்லாம் கோழிக்குத் தண்ணீர் வைக்கக் கொடுத்துவிட்டோம்.

#4 பினாங்குத்தெரு

மங்கு இங்கே எங்களுக்கு அன்றாடச் சொல் அக்கா. மலாயில் கிண்ணத்துக்கு மங்கோக். தட்டுக்குப் பிங்கான், உங்கள் பீங்கானுக்குச் சொந்தக்காரன். கப்பலில் சாமானோடு பேரும் ஏறி வந்திருக்கிறது.

#5 நொய்யல்

கோவைப் பக்கம் போசி. தட்டுக்கு வட்டல். இதற்கு மேல் எங்களிடம் குழப்பம் இல்லை.

#6 மரக்கலம்

பாத்திரம் வடமொழியிலிருந்து வந்த சொல். எதையாவது ஏந்திக்கொள்ளும் பண்டம் என்பதோடு, ஏற்றுக்கொள்ளத் தகுதி உள்ளவர் என்ற பொருளும் அதற்கு உண்டு. 'பாத்திரம் அறிந்து பிச்சை இடு' என்பதும் 'அன்புக்குப் பாத்திரமானவர்' என்பதும் அப்படி வந்தவை. தமிழில் இந்த வேலையை எல்லாம் கலம் பார்த்துக்கொண்டது. உண்கலம் என்றால் சாப்பிடுகிற தட்டு, மரக்கலம் கப்பல், படைக்கலம் ஆயுதம், அணிகலம் நகை. பன்னிரண்டு மரக்கால் நெல்லும் ஒரு கலம். பழைய சொல் ஆயிற்றே என்று அதை ஓய்வெடுக்கவும் விடவில்லை, கொதிகலன், மின்கலம், விண்கலம் என்று வேலை வாங்கிக்கொண்டே இருக்கிறோம். துறைமுகத்தில் அடுக்கி வைத்திருக்கும் இருபதடி, நாற்பதடி இரும்புப் பெட்டிக்கும் கொள்கலன் என்று பேர் வைத்தார்கள். வாயில் வருவது கன்டெய்னர்தான், அது வேறு விஷயம்.

குடமுருட்டி, தூக்கில் பெயர் வெட்டியிருக்கிறது என்றதும் எனக்குக் கீழடி ஞாபகம் வந்தது. அங்கே கிடைத்த பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் 'ஆதன்', 'குவிரன் ஆதன்' என்று கீறியிருக்கிறார்கள். பாத்திரக் கடையில் நின்று, "அந்தப் பேரைக் கொஞ்சம் பெரிசா வெட்டுங்க" என்று சொல்கிற பழக்கம் அவ்வளவு பழசு.

அதைவிட எனக்குப் பிடித்தது எகிப்தில் கிடைத்த ஒன்று. செங்கடல் ஓரத்தில் குசேர் அல் காதிம் என்று ஒரு பழைய துறைமுகம். அங்கே ஓர் உடைந்த சாடியில் தமிழ் எழுத்து இருந்தது. ஐராவதம் மகாதேவன் அதை 'பானை ஒறி' என்று படித்தார். ஒறி என்பது நம் உறிதான். ஏறத்தாழ 2000 வருஷத்துக்கு முந்தையது. அதில் ஆள் பெயர் இல்லை, ஊர் பெயர் இல்லை. இது உறியில் தொங்கவேண்டிய பானை என்பது மட்டும்தான். உங்கள் அம்மா வீடியோ காலில் சொன்னதைத்தான் அந்த ஆளும் எழுதி வைத்திருக்கிறார்.

#7 வடமராட்சியான்

எங்கட பக்கம் பேணி. தேத்தண்ணிப் பேணி, தகரப் பேணி. பித்தளையில் மூக்கு வைத்தது மூக்குப்பேணி, வாய் படாமல் அண்ணாந்து குடிக்கலாம். பனையோலையில் கடகம், புட்டு அவிக்க நீத்துப்பெட்டி. ஓலையில் செய்வதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேணும்.

மரக்கலம் அண்ணை, உங்கள் பட்டியலில் ஒன்று விடுபட்டுப் போச்சுது. இலங்கைப் பாடப்புத்தகத்தில் உயிரியல் செல்லுக்கும் கலம்தான். தாவரக் கலம், விலங்குக் கலம். சென்னையில் படிக்கிற என் மருமகளுக்கு, தங்கச்சியின் பிள்ளைக்கு, பாடம் சொல்லிக் கொடுக்கப் போய்க் 'கலச்சுவர்' என்றேன். "பாத்திரத்துக்கு ஏன் மாமா சுவர்?" என்று கேட்டாள்.

#8 ரசவண்டி

74-இல் ஈயச்சொம்பு இருக்கிறதா? இருந்தால் முதலில் அதை எடுத்து ஒளித்து வையுங்கள். கல்யாணமாகி மூன்றாம் மாதம், மாமியாரின் ஈயச்சொம்பைக் காலியாக அடுப்பில் வைத்துப் பற்றவைத்துவிட்டு, புளி கரைக்கத் திரும்பினேன். மறுபடி பார்த்தால் சொம்புக்கு அடியே இல்லை. பர்னரைச் சுற்றி வெள்ளி உருண்டை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

மாமியார் திட்டவே இல்லை. உருண்டைகள் ஆறும்வரை காத்திருந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, நான் நின்று சமைக்கிற இடத்துக்கு நேர் எதிரே வைத்தார். பதினோரு வருஷம் அந்தப் பாட்டில் அங்கேயே இருந்தது.

#9 புளிக்கரைசல்

வேதியியல் வாத்தியார் என்பதால் வாய் சும்மா இருக்காது. ஈயம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு உலோகம் இருக்கிறது, வெள்ளீயமும் காரீயமும். ரசச் சொம்பு வெள்ளீயம். 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கேஸ் சுடருக்கு அதெல்லாம் ஒரு சூடே இல்லை. உள்ளே ரசம் இருக்கிறவரை சொம்பின் சூட்டை அது வாங்கிக்கொண்டே இருக்கும், சொம்பு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். ரசத்தை ஊற்றிய பிறகுதான் அடுப்பு, அடுப்பை அணைத்த பிறகுதான் சொம்பைக் காலி செய்வது என்ற பாட்டிகளின் சட்டத்தில் சாஸ்திரம் எதுவும் இல்லை, இயற்பியல்தான்.

காரீயம் நஞ்சு. மலிவாகக் கிடைக்கிறது என்று சொம்பு வாங்கக் கூடாது. நல்ல வெள்ளீயத்தை வளைத்தால் கறக்கென்று உள்ளிருந்து ஒரு சத்தம் வரும். காரீயத்தைக் காகிதத்தில் உரசினால் சாம்பல் கோடு விழும். ஆனால் கலப்படம் எவ்வளவு என்பது இந்த வித்தையில் பிடிபடாது. சந்தேகம் இருந்தால் சோதனைச் சாலைக்கு அனுப்புங்கள், இல்லையேல் ஷோகேஸில் வையுங்கள்.

பித்தளையில் சமைப்பதானால் உட்பக்கத்தைப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் புளி, மோர், தக்காளி மூன்றும் கூடாது. புளிப்பு செம்பைக் கரைத்து இழுக்கும், பச்சைக் களிம்பு ஏறும். அதற்காகத்தான் ஈயம் பூசுவது. பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரம் தூவி, ஈயத்தை ஒரு தேய்ப்புத் தேய்த்து, பஞ்சுத் துணியால் சுற்றி வழித்தால் உட்பக்கம் பளீரென்று வெளுத்துவிடும். மேலே படிந்த ஆக்சைடை நவச்சாரம் எடுத்துவிடுவதால் ஈயம் பிடிக்கிறது. அந்தப் புகை மூக்கில் ஏறினால் கண்ணில் தண்ணீர் வரும். சின்ன வயதில் துருத்தி போடுகிற வேலையைக் கெஞ்சி வாங்குவோம்.

#10 கரிசல்மழை

எல்லாரும் சமையலறையிலேயே நிற்கிறீர்கள். எங்கள் விளாத்திகுளம் பக்கம் வீட்டிலேயே பெரிய ஏனம், தானியம் கொட்டி வைக்கிற குலுக்கை. மண்ணும் வைக்கோலும் குழைத்து உறை உறையாக அடுக்கி, ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். மேலே கொட்டி, கீழே கை நுழைகிற ஓட்டை வழியாக எடுக்கவேண்டும். ஓட்டைக்குப் பழைய துணி அடைப்பு. அடியில் தங்கின கம்பைக் கூட்டி அள்ள என்னை மேல்வாய் வழியாக உள்ளே இறக்கிவிடுவார்கள். உள்ளே கும்மிருட்டு, காய்ந்த வேப்பிலை வாசம். "ஏலே, இருக்கியா?" என்று வெளியில் கேட்டால் குரல் தலையைச் சுற்றி வரும். பயத்தில் கூட்டுவதைவிட அதிகமாகக் கத்துவேன்.

அளக்கிறதும் பாத்திரம்தானே. களத்தில் மரக்கால் பிடிக்கிறவர் ஒன்று என்று ஆரம்பிக்க மாட்டார். 'லாபம்' என்பார், அப்புறம் ரெண்டு, மூணு. அளக்கிற விதத்தில்தான் சங்கதி. வாங்கும்போது கூம்பாக விட்டு அளப்பார்கள், கூலி கொடுக்கும்போது தலைதட்டி அளப்பார்கள். ஒரே மரக்கால்தான், அளவு மட்டும் வேறு. கடலை வண்டிக்காரர் ஆழாக்கின் அடியில் உட்பக்கமாக ஒரு நெளிசல் இருக்குமே, அதுவும் தற்செயல் இல்லை. பஞ்சப்படி, பயணப்படி என்று சம்பளச் சீட்டில் வருகிற படி இந்த நெல் அளக்கிற படியிலிருந்து வந்ததுதான். தலைதட்டுவதும் இன்னும் நடக்கிறது.

#11 கொல்லைவழி

இழை நன்றாகப் போகிறது. கெடுக்க வரவில்லை. ஆனால் ஒரு பாத்திரம் இன்னும் யார் வாயிலும் வரவில்லை.

எங்கள் ஊர் டீக்கடையில் பெஞ்சுக்காரர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். எங்கள் தெருவுக்குப் பின்பக்கக் கீற்றில் செருகி வைத்த சிரட்டை. அப்புறம் அது நெளிந்த அலுமினிய டம்ளராக மாறியது. குடித்து முடித்து நாமே கழுவி, மறுபடி அதே கீற்றில் செருகவேண்டும். இரட்டைக்குவளை என்று பிற்பாடு பேப்பரில் படித்தேன். அப்பா உயிரோடு இருந்தவரை எந்தக் கடையிலும் டம்ளரைக் கையில் வாங்கியதும் ஒருமுறை திருப்பிப் பார்ப்பார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

பாத்திரத்தில் பெயர் வெட்டுவது பற்றிப் பேசினீர்கள். அந்த டம்ளரில் யாரும் பெயர் வெட்டவில்லை. வெட்டாமலே ஊருக்கே தெரியும் அது யாருடையது என்று.

#12 காவேரிமைந்தன்

நல்ல விஷயம் பேசும்போது இதையும் கொண்டுவர வேண்டுமா? அதெல்லாம் அந்தக் காலம்.

#13 வடமராட்சியான்

கொண்டுவரத்தான் வேணும். நான் மேலே மூக்குப்பேணியை ஏதோ நாகரிகம்போல எழுதினேன். வாய் படாமல் குடிப்பதில் சுத்தமும் இருந்தது, யாருடைய வாய் படக்கூடாது என்ற கணக்கும் இருந்தது. எங்கட ஊரிலும் சிரட்டை இருந்தது. மூக்குப்பேணி எல்லாருக்கும் நீட்டப்படவில்லை.

#14 குடமுருட்டி

கொல்லைவழி, இதை எழுதலாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன். 74 என்று எண்ணினேன் அல்லவா, அது பரணில் இருந்தது மட்டும். கொல்லைச் சுவரில் ஆணியில் ஒரு அலுமினியச் சொம்பு தொங்கியது. நடவுக்கும் அறுப்புக்கும் வந்தவர்களுக்குத் தண்ணீர் ஊற்றியது அதில்தான். வீட்டுக்குள் அது வந்து நான் பார்த்ததில்லை. எண்ணும்போது எனக்கும் தோன்றவில்லை, தங்கைக்கும் தோன்றவில்லை. அம்மாவிடம் அதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் டக்கென்று பெயர் சொன்னவர் இதற்குப் பேசாமல் இருந்தார்.

75 என்று திருத்திக்கொள்கிறேன்.

#15 எடைக்குஎடை

பாத்திரக் கடையில் பழசு எடுக்கிற வேலை பார்க்கிறவன். இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, சொல்கிறேன்.

பித்தளை, செம்பு, வெண்கலம் மூன்றையும் நீங்களே பிரித்துக்கொண்டு வாருங்கள். கலந்து கொட்டினால் எல்லாவற்றுக்கும் பித்தளை விலைதான் விழும், நானும் அப்படித்தான் போடுவேன். விரலால் சுண்டிப் பாருங்கள். வெண்கலம் மணி மாதிரி இழுத்துக்கொண்டே போகும், பித்தளை சட்டென்று அடங்கிவிடும். பேர் வெட்டின பாத்திரமும் எடைக்குத்தான் போகும், பேருக்குக் காசு கிடையாது.

என்னைக் கேட்டால் வெண்கலப்பானையைப் போடாதீர்கள். அடிப்பிடித்த அரிசி உப்புமாவின் காந்தல் அதில் வருகிறமாதிரி எந்த நான்ஸ்டிக்கிலும் வராது. தூக்கு ஒன்று, சம்படம் இரண்டு, கூஜா இருந்தால் ரயில் பயணத்துக்கு ஒன்று. தவலையில் தண்ணீர் பிடித்து வைக்க உங்கள் ஃபிளாட்டில் தேவை இருக்காது என்று நினைக்காதீர்கள். 2019 கோடையில் தவலையும் அண்டாவும் தேடி எங்கள் கடைக்கு வந்தவர்கள் எல்லாம் அடுக்குமாடிக்காரர்கள்தான்.

#16 ஐஸ்கிரீம்டப்பா

என் கட்சி டப்பாக் கட்சி. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் வெனிலா என்று எழுதியிருந்தால் தோசை மாவு, பட்டர்ஸ்காட்ச் என்றால் புளிக்காய்ச்சல். துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த நீல பிஸ்கட் டின்னில் நூல்கண்டு. பெருங்காய டப்பாவில் அம்மாவின் அவசரப் பணம் இருக்கும், ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினாலே கடைக்காரருக்கு எங்கள் வீட்டு நோட்டு என்று தெரிந்துவிடும்.

அஞ்சறைப் பெட்டியைத் திறந்து எண்ணிப் பாருங்கள். எவர்சில்வரில் வருகிறதற்குள் ஏழு கிண்ணம் இருக்கும். பேர் மட்டும் அஞ்சோடு நின்றுவிட்டது.

ஒரு சந்தேகம். 2019 ஜனவரியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை. ஆனாலும் தூக்கை எடுத்துக்கொண்டு டீ வாங்கப் போனால் எனக்கு ஏன் கூச்சமாக இருக்கிறது? கொதிக்கிற டீயைக் கவரில் கட்டி வாங்கி வருகிறவர் கூசாமல் வருகிறார்.

#17 ஏனக்காரி

ஆஸ்பத்திரிக்குப் போகிறமாதிரி இருக்கும் என்பதால்தான் தம்பி. எவர்சில்வர் தூக்கோடு நடந்தாலே தெருவில் நாலு பேர், "யாருக்கு என்ன?" என்று கேட்கிறார்கள். நான் பால் வாங்கப் போய் மூன்று பேருக்கு விளக்கம் சொல்லிவிட்டு வந்தேன்.

#18 குடமுருட்டி

மூன்றாவது கேள்வி தீர்ந்தது. தூக்கின் படத்தை எங்கள் ஊர் வாட்ஸாப் குழுவில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் பதில். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தவர்களின் தூக்கு. மகள் இப்போது கும்பகோணத்தில் இருக்கிறார். 6-6-68 அவருடைய அப்பா அம்மாவின் கல்யாண நாள். என் தங்கை பிறந்தபோது பத்தியச் சாப்பாடு எங்கள் வீட்டுக்கு இதில்தான் வந்துகொண்டிருந்ததாம்.

போன ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். "வெறும் தூக்கை நீட்டிடாதே" என்று அம்மா நான்கு தடவை போன் செய்து, தங்கையைக் கைமுறுக்கு சுற்ற வைத்து, கழுத்துவரை அடுக்கி அனுப்பினார். அந்த அக்கா முறுக்கைப் பார்க்கவே இல்லை, மூடியைத் திறக்காமல் கழுத்தில் இருந்த எழுத்தைக் கட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம், "இருங்க தம்பி, உங்க வீட்டுதும் இங்க இருக்கு" என்று உள்ளே போனார். ஒரு டபரா, ஒரு சின்னப் பித்தளை அடுக்கு. இரண்டிலும் அம்மாவின் இனிஷியல். அவரும் வெறுமனே தரவில்லை. டபராவில் சர்க்கரை, அடுக்கில் கூழ்வடாம்.

ஒன்றைக் குறைக்கப் போய் இரண்டோடு வந்திருக்கிறேன். கொல்லைச் சொம்பையும் சேர்த்தால் இப்போது 76. புளிக்கரைசல் சார், அடுக்கின் உட்பக்கத்தில் ஈயம் போய் மஞ்சள் தெரிகிறது. அதில் புளிக்குழம்பு வைக்கப்போவதாக அம்மா ஒற்றைக் காலில் நிற்கிறார். சென்னையில் இன்னும் ஈயம் பூசுகிறவர்கள் எந்தப் பக்கம் உட்கார்கிறார்கள் என்று யாருக்காவது தெரியுமா?